காவல்துறைத் துப்பாக்கிகளுக்கு எந்த எண்ணெய், எங்கே, எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆயுதக் கிடங்குப் பொறுப்பில் இருப்பவர்களுக்காகவும், தினமும் துப்பாக்கியோடு பணிக்குப் போகிறவர்களுக்காகவும் எழுதப்பட்டது இது. கிளாக் பிஸ்டல், 9 மி.மீ. ஆட்டோ பிஸ்டல், .38 ரிவால்வர், எஸ்.எல்.ஆர்., இன்சாஸ், ஏ.கே. வகை ரைஃபிள்கள் ஆகியவற்றை மனதில் வைத்தே பதில்கள் உள்ளன. உங்கள் ஆயுதத்தின் கையேட்டுக்கும் துறையின் உத்தரவுக்கும் இங்கே சொல்வதற்கும் வேறுபாடு வந்தால், கையேடும் உத்தரவும் சொல்வதையே செய்யுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதை வாங்குவது?

63460 என்ற ராணுவத் தர எண்ணுக்கு உட்பட்ட ஒரு சி.எல்.பி. (சுத்தம், மசகு, பாதுகாப்பு மூன்றுக்கும் ஒன்றே) எண்ணெய். ரைஃபிள்களும் இருந்தால் கூடவே இளகலான கிரீஸ் ஒரு சிறு டியூப். ஒரு கிடங்குக்கு இந்த இரண்டும் போதும்.

காரணம் இதுதான். காவலரின் பிஸ்டல் வருடத்தில் சில நாட்களே சுடுகிறது. மீதி நாளெல்லாம் இடுப்பில் வியர்வையிலும் மழையிலும் உப்புக் காற்றிலும் கிடக்கிறது. போட்டிகளில் சுடுபவர் மாதம் ஆயிரக்கணக்கில் சுட்டு, அன்றே துடைத்து, உறையிட்டு வீட்டில் வைக்கிறார். அவருக்குத் தேய்மானம் முதல் கவலை, நமக்குத் துரு. எண்ணெய்களை ஒப்பிட்டு எழுதப்படும் பெரும்பாலானவை அவருடைய தேவைக்காக எழுதப்படுபவை. அவற்றில் முதலிடம் பிடிக்கும் எண்ணெய், பாரா பணியில் நிற்கும் காவலரின் துப்பாக்கிக்கு ஐந்தாவது இடத்தில்கூட வராமல் போகலாம். நாம் வரிசைப்படுத்தினால் துருத் தடுப்பு முதலில், காய்ந்து பிசினாகாமை அடுத்து, மசகுத் திறன் மூன்றாவது. 9 மி.மீ. பிஸ்டலின் ஸ்லைடுக்கு (சுடும்போது பின்னும் முன்னும் ஓடும் மேல்பகுதி) போதுமான மசகுத் திறன் ஏறக்குறைய எல்லா நல்ல எண்ணெயிலும் இருக்கிறது.

சி.எல்.பி., தனி எண்ணெய், கிரீஸ், உலர் லூப்ரிகன்ட்: என்ன வித்தியாசம்?

சி.எல்.பி. என்பது சுத்தம் செய்தல், மசகு, பாதுகாப்பு என்ற மூன்றையும் ஒரே திரவத்தில் தருவது. கரியை இளக்கும் கரைப்பான் கொஞ்சம், அடிப்படை எண்ணெய், துருத் தடுப்பான், தேய்மானத் தடுப்பான் ஆகியவை அதில் கலந்திருக்கும். மூன்றில் எதிலும் உச்சம் கிடையாது. ஆனால் பலர் கையில் ஆயுதம் மாறும் இடத்தில் ஒரே பாட்டில் இருப்பது பெரிய நன்மை. எந்தப் புட்டியை எதற்கு என்று யாரும் தடுமாற மாட்டார்கள்.

தனி மசகு எண்ணெய் இதைவிடக் கெட்டியான படலம் தரும், கரியை இளக்காது. அதற்குத் தனியாக ஒரு கிளீனர் வேண்டும்.

கிரீஸ் என்பது எண்ணெயைச் சோப்பு போன்ற ஒரு கெட்டிப்பொருளில் பிடித்து வைத்திருப்பது. வழியாது, ஆவியாகாது. ஆனால் மணலும் தூசியும் விழுந்தால் அங்கேயே தங்கி உரசும். கெட்டித்தன்மையை என்.எல்.ஜி.ஐ. எண் சொல்லும். கார் வீல் பேரிங்குக்குப் போடுவது பெரும்பாலும் 2ஆம் எண், பிஸ்டலுக்கு அது மிகக் கெட்டி. 0 அல்லது 1 எண் உள்ளதை எடுங்கள்.

உலர் லூப்ரிகன்ட் என்றால் கிராஃபைட், மாலிப்டினம் டைசல்ஃபைடு, பி.டி.எஃப்.இ. போன்ற தூள்கள். பாலைவனத் தூசிக்கு நல்லவை. நம் ஈரத்துக்கு ஆகாது, ஏனென்றால் தூள் துருவைத் தடுப்பதில்லை. அலுமினிய ஃபிரேம் உள்ள பிஸ்டலில் கிராஃபைட்டும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்படும்.

பாட்டிலில் உள்ள 63460 என்ற எண் என்ன சொல்கிறது?

அமெரிக்க ராணுவம் சிறு, பெரு ஆயுதங்களுக்கான சி.எல்.பி.க்கு வகுத்த தரம் அது. மைனஸ் 51 டிகிரி முதல் பிளஸ் 71 டிகிரி செல்சியஸ் வரை வேலை செய்ய வேண்டும். நேட்டோ குறியீடு எஸ்-758. துரு, தேய்மானம், பிசினாதல் எல்லாவற்றுக்கும் அதில் சோதனைகள் உண்டு. பிரேக்-ஃப்ரீ என்ற பிராண்டு இந்த வகையில் நெடுநாளாகப் பெயர் பெற்ற ஒன்று.

லேபிளில் ஒரு நுணுக்கம் பாருங்கள். ‘தரத்துக்கு நிகரானது’ என்று எழுதியிருப்பது விற்பவரின் சொந்தச் சொல். தகுதி பெற்ற பொருட்களின் பட்டியலில் இருப்பது வேறு விஷயம். டெண்டரில் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளாமல், சோதனை அறிக்கை கேளுங்கள்.

கிளாக் பிஸ்டலில் எங்கே, எத்தனை துளி?

ஐந்து துளி. சாதாரண பாட்டிலில் ஒரு துளி ஏறக்குறைய 0.05 மி.லி. ஆக, மொத்தம் கால் மி.லி. 10 மி.லி. புட்டி ஒன்று நாற்பது தடவைக்கு வரும்.

முதலில் மேகசினை எடுங்கள், பிறகு ஸ்லைடை இழுத்துப் பூட்டி, தோட்டா அமரும் அறையான சேம்பரைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் பாருங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. சேம்பரைக் காலி செய்துவிட்டு மேகசினை அப்படியே விட்டால், ஸ்லைடு முன்னே போகும்போது அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடும். கிளாக்கைப் பிரிக்க ட்ரிகரை இழுத்தே ஆக வேண்டும் என்பதால், இரண்டாவது ஆள் ஒருவரும் சேம்பரைப் பார்ப்பது நல்லது. தோட்டாக்கள் அந்த மேசையிலேயே இருக்கக் கூடாது.

பிரித்துத் துடைத்த பின்:

பேரலின் வெளிப்புறத்துக்கு ஒரு துளி. துணியில் விட்டு, மேல்புறக் கூரைப் பகுதியும் கீழே உள்ள லக் என்ற புடைப்பும் உட்பட முழுக்கப் பூசுங்கள்.

ஸ்லைடின் உட்புறக் கூரைக்கு ஒரு துளி. தோட்டாக்கூடு வெளியேறும் ஜன்னலுக்குச் சற்று முன்னால், பேரல் உரசிய பளபளப்பு தெரியும் இடம் அது. அதே துணியால் பேரல் வெளியே வரும் முன்துளையின் விளிம்பையும் தடவுங்கள்.

ஸ்லைடின் இரண்டு பக்கக் காடிகளுக்கும் ஆளுக்கு ஒரு துளி. பாலிமர் ஃபிரேமில் ஸ்லைடு ஓடுவது நான்கு சிறிய இரும்புத் துண்டுகளின் மேல்தான். ஸ்லைடைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் துளி காடி முழுக்க ஓடிவிடும்.

ஐந்தாவது துளிதான் மிக முக்கியம். ஃபிரேமின் வலது பின்மூலையில், ட்ரிகர் பாரின் பின்முனை கனெக்டரைத் தொடும் இடம். கிளாக் கையேடும் எல்லாவற்றிலும் இதையே முதன்மையாகச் சொல்கிறது. அதைக் காய விட்டால் ட்ரிகர் கனக்கும், இழுவை சொரசொரப்பாகும், காலப்போக்கில் அந்த விளிம்பே தேயும். டார்ச் அடித்துப் பார்த்து, துளியின் நுனி சரியாக அந்தச் சந்திப்பில் படும்படி விடுங்கள். பலர் துளியை ஹவுசிங்கின் மேல் விட்டுவிட்டு முடிந்ததாக நினைக்கிறார்கள்.

மாட்டிய பின் ஸ்லைடைப் பத்துத் தடவை இழுத்து விடுங்கள். வெளியே கசிவதைத் துடையுங்கள்.

எண்ணெய் போடக் கூடாத இடங்கள்: ஃபையரிங் பின்னும் (தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசி) அதன் குழாயும், பிரீச் முகம் (தோட்டாவின் அடி சாயும் ஸ்லைடின் முகப்பு), சேம்பர், மேகசின். பிரீச் முகத்தை பிரஷால் தேய்க்கும்போது ஸ்லைடின் மூக்குக் கீழே பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் கரைப்பான் ஃபையரிங் பின் துளைக்குள் இறங்கிவிடும்.

புது கிளாக்கில் செம்பு நிறத்தில் ஏதோ பூசியிருக்கிறதே, துடைத்துவிடலாமா?

வேண்டாம். தொழிற்சாலையில் ஸ்லைடுக்குள் பூசும் மசகு அது. ஆரம்ப நாட்களில் உரசும் பரப்புகள் ஒன்றுக்கொன்று பழக உதவும். தானாகக் கரைந்து போகும்வரை இருக்கட்டும்.

9 மி.மீ. ஆட்டோ பிஸ்டலுக்கும் .38 ரிவால்வருக்கும் இதே முறையா?

9 மி.மீ. ஆட்டோ பிஸ்டல் பிரவுனிங் அமைப்பு. முழு நீள இரும்புத் தண்டவாளம், கையளவு உரசல் பரப்பு. அதனால் இதற்குக் கொஞ்சம் கூடுதலாக, எட்டுத் துளி வரை. தண்டவாளம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, பேரலின் மேலுள்ள லாக்கிங் விலாக்களுக்கு ஒன்று, கீழே உள்ள கேம் பகுதிக்கு ஒன்று, பேரல் மூக்கின் வெளிப்புறத்துக்கு ஒன்று, ஹேமரின் அச்சுக்கு ஒன்று. இதன் மேல்பூச்சு மிக மெல்லியது என்பதால் வெளிப்புறத்தையும் எண்ணெய்த் துணியால் துடைத்தே வைக்க வேண்டும்.

ரிவால்வரில் மூன்றே துளி: சிலிண்டர் மடியும் கிரேன் அச்சுக்கு ஒன்று, ஹேமரைப் பின்னிழுத்தால் தெரியும் இடுக்கில் ஒன்று, எஜெக்டர் தண்டுக்கு ஒன்று. நட்சத்திர எஜெக்டரின் அடிப்பக்கம் உலர்ந்திருக்க வேண்டும். எரியாத வெடிமருந்துத் துகள் நான்கைந்து அங்கே எண்ணெயில் ஒட்டிக்கொண்டால் சிலிண்டர் மூடாது, மூடினாலும் சுழலாது. தானியங்கி பிஸ்டலில் கோளாறு வந்தால் இழுத்துச் சரிசெய்ய வழியிருக்கும். இறுகிய ரிவால்வரை அந்த இடத்தில் வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

ரைஃபிள்களில் காஸ் பகுதிக்கு எண்ணெய் போடலாமா?

கூடாது. எஸ்.எல்.ஆர்., இன்சாஸ், ஏ.கே. மூன்றும் காஸ் பிஸ்டனில் இயங்குபவை. பிஸ்டன் தலையும் காஸ் சிலிண்டரும் சுடும்போது கடுமையாகச் சூடாகும். அங்கே விட்ட எண்ணெய் எரிந்து கல் போன்ற கரியாகி, நாளடைவில் பிஸ்டனின் ஓட்டத்தைப் பிடிக்கும். எஸ்.எல்.ஆரில் காஸ் ரெகுலேட்டர் இறுகிப்போவதற்கும் இதுவே முக்கியக் காரணம். நீண்ட நாள் வைப்பில் இருக்கும்போது மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கலாம், சுடுவதற்கு முன் உலரத் துடைத்துவிட வேண்டும்.

போல்ட், கேரியர், அது ஓடும் தண்டவாளம், போல்ட்டைச் சுழற்றும் அல்லது (எஸ்.எல்.ஆரில்) சாய்க்கும் கேம் காடி: இவற்றுக்கு எண்ணெய். கேம் காடியில் அரிசியளவு கிரீஸ் வைப்பது நல்ல பழக்கம். அழுத்தமும் சறுக்கலும் சேர்ந்து வரும் அந்த மூலையில் எண்ணெய் நிற்பதில்லை.

சேம்பர் எப்போதும் உலர்வாக. சுடும் கணத்தில் பித்தளைக் கூடு விரிந்து சேம்பர் சுவரைப் பற்றிக்கொள்கிறது. சுவரில் எண்ணெய் இருந்தால் அந்தப் பிடி குறைந்து, பின்னோக்கிய முழு அழுத்தமும் போல்ட்டின் மேல் விழும். பேரலிலும் அப்படித்தான், வைப்புக்கு எண்ணெய், சுடுவதற்கு முன் உலர்ந்த துணி. புல்த்ரூவில் (பேரலுக்குள் துணியை இழுக்கும் கயிறு) துடைக்க 4 அங்குலத்துக்கு 2 அங்குலத் துணியும், எண்ணெய் பூச 4க்கு ஒன்றரை அங்குலத் துணியும் என்று அளவு வைத்ததே, துடைப்பது இறுக்கமாகவும் பூசுவது இளக்கமாகவும் போக வேண்டும் என்பதற்காக.

கடலோர ஊரில், மழைக்காலத்தில் எவ்வளவு செய்தாலும் துரு வருகிறதே?

எண்ணெயைக் குறை சொல்வதற்கு முன் நான்கு இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, தோல் உறை. தோல் ஈரத்தை உறிஞ்சி விடாமல் வைத்திருக்கும், பதனிட்ட உப்புகளும் அதில் மிச்சமிருக்கும். பணி நேரத்தில் அதில் இருப்பது தவிர்க்க முடியாதது. பணி முடிந்த பின்னும் உறையோடு அலமாரியில் வைப்பதைத்தான் நிறுத்த வேண்டும். நனைந்த உறையை நிழலில் தனியாகத் தொங்கவிட்டு, துப்பாக்கியைத் தாங்கியில் வையுங்கள்.

இரண்டாவது, கைரேகை. வியர்வையில் உப்பு இருக்கிறது. எண்ணெய் போட்டு முடித்தபின் வெறுங்கையால் எடுத்து வரிசையாக அடுக்கினால், நவம்பர் மாத ஈரத்தில் மறுநாளே விரல் வடிவத்தில் பழுப்பு தெரியும். கடைசித் துடைப்பை எண்ணெய்த் துணியால் பிடித்தபடியே செய்யுங்கள்.

மூன்றாவது, அறையின் ஈரப்பதம். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பு துருப்பிடிக்கும் வேகம் கூடத் தொடங்கும். பரப்பில் உப்பு படிந்திருந்தால் அதற்கும் குறைவிலேயே. 50க்குக் கீழே வைத்திருங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றைக் கிடங்குச் சுவரில் மாட்டினால், எந்த எண்ணெயையும்விட அதிகம் உதவும். சிலிக்கா ஜெல் பைகளை நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம், நிறம் மாறியும் அப்படியே விட்டுவைப்பது வீண். ஏ.சி. அறையிலிருந்து குளிர்ந்த ஆயுதத்தை வெளியே கொண்டுவந்தால் உடனே பனிநீர் படியும். பத்து நிமிடம் கழித்துத் துடைத்துவிடுங்கள்.

நான்காவது, கண்ணுக்குத் தெரியாத சிறு பாகங்கள். கிளாக்கின் ஸ்லைடு கடினப்படுத்தப்பட்ட பரப்பு, லேசில் துருப்பிடிக்காது. அதை நம்பி விட்டுவிட்டால் மேகசின் ஸ்பிரிங், சைட் திருகு, தோட்டாக்கூட்டை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் வெளிமுகம் போன்றவை துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லப்படுவதிலும் உப்பு நீரில் ஊசிக்குத்து போன்ற குழிகள் விழும். ப்ளூயிங் என்ற கருநீலப் பூச்சு தானாகத் தரும் பாதுகாப்பு மிகச் சிறிது, அது எண்ணெயைப் பிடித்து வைப்பதற்கு உதவுகிறது, அவ்வளவே. பாஸ்பேட் பூச்சு நுண்துளைகள் கொண்டது, எண்ணெயை நன்றாகக் குடிக்கும். அதனால் பாஸ்பேட் பூசிய ரைஃபிளுக்கு முதல் பூச்சு போட்டு அரை மணி நேரம் விட்டு, இரண்டாம் பூச்சு போட்டுத் துடைக்க வேண்டும்.

கடல் நீர் பட்டுவிட்டால் எண்ணெய் மேல் எண்ணெய் ஊற்றிப் பயனில்லை. உப்பு எண்ணெயில் கரையாது. பிரித்து, நல்ல தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்தி, அதன் பிறகே எண்ணெய். கடலோரக் காவல் படகில் இருப்பவர்கள் இதை அன்றன்றே செய்தாக வேண்டும்.

தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், என்ஜின் ஆயில், டபிள்யூ.டி.-40, மண்ணெண்ணெய்: அவசரத்துக்கு எது ஆகும்?

தேங்காய் எண்ணெய் கூடாது. 24 டிகிரிக்குக் கீழே உறைந்துபோகும். அதில் பிரியும் கொழுப்பு அமிலம் பித்தளையிலும் செம்பிலும் பச்சைக் களிம்பை உண்டாக்கும். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் இன்னும் மோசம், காற்றுப் பட்டுப் பட்டுப் பிசினாகிவிடும்.

தையல் மெஷின் எண்ணெய் சுத்தமான, மெல்லிய கனிம எண்ணெய். மசகாக ஓரிரு நாளைக்குத் தாராளமாக ஆகும். துருத் தடுப்பான் அதில் இல்லை என்பதே குறை.

புது என்ஜின் ஆயில், குறிப்பாக செயற்கை எண்ணெய், சறுக்கலுக்கு மிக நல்லது. மூடிய என்ஜினுக்குள் சுற்றிக்கொண்டிருக்க வடிவமைத்தது அது, திறந்த வெளியில் உப்புக் காற்றைத் தாங்க அல்ல. வண்டியிலிருந்து வடித்த பழைய எண்ணெயைத் தொடவே வேண்டாம். அதில் உலோகத் தூளும் அமிலமும் தோலுக்குத் தீங்கான சேர்மங்களும் உண்டு.

டபிள்யூ.டி.-40 பிறந்தது 1953இல், தண்ணீரை விரட்டுவதற்காக. அந்த ஒரு வேலைக்கு மழையில் நனைந்த துப்பாக்கியில் அடிக்கலாம். அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போகும், மிஞ்சும் படலம் மெல்லியது. அடித்துவிட்டு அப்படியே மாட்டி வைத்தால் சில மாதத்தில் உள்ளே பழுப்பு நிறப் பசையாகப் படியும். தோட்டா ஏற்றிய துப்பாக்கியில் எந்த ஸ்ப்ரேயும் அடிக்கக் கூடாது. மெல்லிய எண்ணெய், தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் பிரைமருக்குள் ஊடுருவினால் தோட்டா வெடிக்காமல் போகலாம்.

மண்ணெண்ணெய் கரியை இளக்கும், நல்ல மலிவான கிளீனர். உலர்ந்ததும் இரும்பை வெறும் இரும்பாக விட்டுவிடும் என்பதால் அடுத்த ஐந்து நிமிடத்தில் எண்ணெய் பூசிவிட வேண்டும். பெட்ரோல் வேண்டாம், தீ அபாயம் ஒருபுறம், மூச்சில் போகும் பென்சீன் மறுபுறம்.

பாலிஸ்டால் பற்றியும் கேட்கிறார்கள். 1904இல் ஜெர்மனியில் உருவான எண்ணெய், லேசான காரத்தன்மை உடையது, தண்ணீரோடு கலந்து பால் போல ஆகும். மரக்கட்டைக்கும் தோலுக்கும்கூட ஒத்துப்போகும். பழைய மரப்பிடி ரைஃபிள்கள் இருக்கும் கிடங்கில் இது பொருத்தமான தேர்வு.

எண்ணெய் அதிகமானால் என்ன ஆகும்?

குறைவானால் வரும் கோளாறைவிட இது மோசமானது, ஏனென்றால் கடைசிக் கணம் வரை தெரியாது.

ட்ரிகர் இழுத்தால் ‘க்ளிக்’ என்ற சத்தம் மட்டும் வந்து, பிரைமரில் லேசான குழி இருந்தால் ஃபையரிங் பின் குழாயைச் சந்தேகியுங்கள். உள்ளே போன எண்ணெய், கரியோடும் பித்தளைத் தூளோடும் சேர்ந்து களியாகி, பின்னின் வேகத்தைக் குறைத்திருக்கும். ஆர்மரர் (ஆயுதம் பழுதுபார்ப்பவர்) அதைக் கழற்றி உலர்வாகத் துடைக்க வேண்டும், அங்கே மறுபடி எண்ணெய் வேண்டாம்.

ஸ்லைடு கடைசி இரண்டு மூன்று மி.மீ. முன்னே போகாமல் நின்றால் இரண்டு வாய்ப்பு. காடி காய்ந்து போயிருக்கலாம், அல்லது எண்ணெயில் பஞ்சும் தூசியும் சேர்ந்து அடைத்திருக்கலாம். விரலால் தள்ளினால் சுலபமாகப் போகிறதா, கரகரவென்று போகிறதா என்பதே அடையாளம். சுலபமாகப் போனால் காய்வு, கரகரத்தால் அடைப்பு.

கூடு வெளியேறாமல் மாட்டிக்கொண்டால் எக்ஸ்ட்ராக்டர் நகத்தின் அடியில் பாருங்கள். பல் குத்தும் குச்சியால் சுரண்டினால் கறுப்புக் களி வரும்.

மேகசினுக்குள் எண்ணெய் விடுவது பரவலாக நடக்கிறது. அங்கே சேரும் தூசி, தோட்டாக்களை மேலே தள்ளும் ஃபாலோவரைப் பிடிக்கும், தோட்டாக்கள் எண்ணெய் பூசியபடி சேம்பருக்குப் போகும். ஸ்பிரிங்கை எண்ணெய்த் துணியால் ஒருமுறை உருவி, உலர்ந்த துணியால் மறுபடி உருவினால் போதும்.

மே மாத வெயிலில் மூடிய வண்டிக்குள் வைத்த ஆயுதத்தில் எண்ணெய் இளகி, சாய்ந்திருக்கும் திசையில் வழிந்து சேரும். ஐந்து துளிக்கு மேல் போட்டவர்களின் சட்டையில் கறையாக அது தெரிந்துவிடும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை?

சுட்ட அன்றே. சுடாமல் தினமும் எடுத்துச் செல்லும் பிஸ்டலுக்கு மாதம் ஒருமுறை பிரித்து ஐந்து துளி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை. நனைந்தால் அந்தப் பணி முடிந்ததும். கிடங்கில் உள்ளவற்றுக்கு மாதம் ஒரு கண்ணோட்டம், மூன்று மாதத்துக்கு ஒரு முழுப் பூச்சு. பேரல் வாயைத் துணியால் அடைத்து வைக்காதீர்கள். உள்ளே ஈரம் அடைபடும், எடுக்க மறந்து சுட்டால் பேரல் பிதுங்கும்.

விற்பனையாளர் இயந்திரத்தில் பேரிங்கைத் தேய்த்துக் காட்டுகிறார், நம்பலாமா?

சுழலும் வளையத்தில் பேரிங்கை அழுத்தி, ‘எங்கள் எண்ணெயில் தேயவே இல்லை’ என்று காட்டும் சோதனை அது. ஓரிடத்தில் மிகக் கடும் அழுத்தமும் உரசல் வெப்பமும் உண்டாக்கி, அதைத் தாங்கும் ரசாயனத்தை மட்டும் அது அளக்கிறது. குளோரின் சேர்ந்த சேர்மங்கள் இதில் அருமையாக மதிப்பெண் வாங்கும். ஷாம்பு ஊற்றினாலே நன்றாக வரும் சோதனை. ஆனால் பிஸ்டலில் அந்த அழுத்தம் வருவதில்லை. அந்தக் குளோரின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி இரும்பை அரிக்கவும் கூடும். துருச் சோதனை எங்கே என்று கேளுங்கள்.

நாமே கிடங்கில் ஒப்பிட்டுப் பார்க்க வழி உண்டா?

உண்டு, அதைச் செய்யாமல் மொத்தமாக வாங்கவே கூடாது.

துருச் சோதனைக்கு, ஒரே இரும்புத் தகட்டிலிருந்து 10 செ.மீ.க்கு 3 செ.மீ. அளவில் பட்டைகள் வெட்டுங்கள். 400 எண் உப்புத்தாளால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி தேயுங்கள். அசிடோனால் துடைத்தபின் கையுறை இல்லாமல் தொடக் கூடாது, இந்தச் சோதனை பெரும்பாலும் கெடுவது இங்கேதான். ஒவ்வொரு எண்ணெய்க்கும் மூன்று பட்டை, எண்ணெயே இல்லாமல் மூன்று பட்டை. பட்டைக்கு இரண்டு துளி விட்டு இரு பக்கமும் பரப்பி, ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்பு கரைத்து, காலையும் மாலையும் ஒருமுறை தெளியுங்கள். பரிசோதனைக் கூடங்களில் உப்புத் தெளிப்புச் சோதனைக்கும் ஏறக்குறைய இதே 5 சதவீதக் கரைசல்தான், அங்கே 35 டிகிரியில் விடாமல் தெளிப்பார்கள். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை புகைப்படம் எடுங்கள். எண்ணெயில்லாப் பட்டை முதல் நாளிலேயே பழுப்பாகும். மூன்றாம் நாள் வரை தாக்குப்பிடிக்கும் எண்ணெய் நல்ல எண்ணெய்.

பிசினாகிறதா என்று பார்க்க, கண்ணாடித் துண்டில் ஒரு துளியை மெல்லப் பரப்பி, தூசி படாமல் மூடி, வெப்பமான அறையில் 30 நாள் வையுங்கள். விரலில் தொட்டால் வழுக்க வேண்டும். ஒட்டினால் அந்த எண்ணெயை விலக்கிவிடுங்கள்.

வழிந்துபோகிறதா என்று பார்க்க, எல்லா எண்ணெயிலும் ஒரு துளி, 45 டிகிரி சாய்த்த தகட்டில், வெயிலில் இரண்டு மணி நேரம். எது எவ்வளவு தூரம் ஓடியது என்று ஸ்கேலால் அளக்கலாம்.

கடைசியாக ரேஞ்சில். ஒரே மாடல் பிஸ்டல்கள், ஒரே லாட் தோட்டா, ஒவ்வொன்றிலும் 300 ரவுண்டு, நடுவில் துடைக்காமல். சிக்கல் வந்தால் எந்த ரவுண்டில், என்ன மாதிரி என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பிஸ்டலுக்கு ஒரு எண்ணெய் என்று வைத்தால் பிஸ்டலின் குறையா, எண்ணெயின் குறையா என்று பிரிக்க முடியாது. அடுத்த முறை எண்ணெய்களை மாற்றிப் போட்டு மறுபடி சுட வேண்டும். பெரும்பாலும் இந்தச் சோதனையில் எல்லா எண்ணெயும் தேறிவிடும். தேர்வை முடிவு செய்வது துருப் பட்டைகளே.

பழைய எண்ணெய் மேலேயே புதிய பிராண்டைப் போடலாமா?

போடாதீர்கள். சில சேர்க்கைகள் ஒன்றையொன்று கெட்டியாக்கிவிடும், கிரீஸ்களில் இது இன்னும் அதிகம். மாறும்போது ஒருமுறை முழுக்கக் கரைப்பானால் துடைத்து உலர்த்திவிட்டுத் தொடங்குங்கள். பிரேக் கிளீனர் வேண்டாம், சில வகைகள் பிளாஸ்டிக்கையும் இரவுச் சைட்டின் பூச்சையும் கெடுக்கும். பி.டி.எஃப்.இ. சேர்ந்த சி.எல்.பி.யில் வெள்ளையாக அடியில் படிவது கெட்டுப்போனதால் அல்ல, ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டுப் பயன்படுத்த வேண்டும்.

பழைய .303 தோட்டாக்களுக்குத் தனிக் கவனம் வேண்டுமா?

வேண்டும். பழைய தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டபின் அது பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகப் பேரலில் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்து ஓரிரவில் துருவைக் கிளப்பும். எந்தத் துப்பாக்கி எண்ணெயும் இதைக் கரைக்காது. சேம்பர் பக்கமிருந்து புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றுங்கள், சூடான பேரல் தானே உலரும், பிறகு துணி, பிறகு எண்ணெய். அடுத்த மூன்று நாளும் பேரலைத் திரும்பப் பாருங்கள். பழைய இருப்பிலிருந்து வந்த சில 7.62 மி.மீ. ஏ.கே. தோட்டாக்களுக்கும் இது பொருந்தும், அவற்றில் காஸ் சிலிண்டரையும் பிஸ்டனையும் சேர்த்து அலச வேண்டும்.

சுத்தம் செய்பவரின் உடல்நலத்துக்கு என்ன பார்க்க வேண்டும்?

பிரைமர் புகையில் ஈயம் இருக்கிறது. துடைத்த துணியிலும் பிரஷிலும் அது கறுப்பாக ஒட்டியிருக்கும். நைட்ரைல் கையுறை போடுங்கள், மருத்துவமனை லேடெக்ஸ் கையுறை எண்ணெயில் கரைந்து கிழியும். ஜன்னல் திறந்திருக்கட்டும். அந்த மேசையில் டீயும் வடையும் வேண்டாம். முடிந்ததும் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கையை முழங்கை வரை கழுவுங்கள். எண்ணெய்த் துணிகளை மூடியுள்ள இரும்பு டப்பாவில் போட்டு, அன்றன்றே வெளியேற்றுங்கள். அந்தச் சட்டையை வீட்டில் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.